ரெட்வுட் காட்டுக்குக் காரில் போய்க் கூடாரத்தில் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்குக் கலிஃபோர்னியாவின் கடலோர ரெட்வுட் காட்டில் இரண்டு மூன்று இரவு டென்ட் போட்டுத் தங்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. முதல் தடவை போகிற குடும்பத்தை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

ரெட்வுட், செக்கோயா, மியூர் வுட்ஸ் எல்லாம் ஒரே இடம்தானா?

இல்லை. கிளம்புவதற்கு முன் முதலில் தெளிவாக வேண்டியது இதுதான். உலகிலேயே உயரமாக வளர்வது கடலோர ரெட்வுட். நூறு மீட்டரைத் தாண்டிய மரங்கள் இதில் பல உண்டு. பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் வடக்கு, மத்தியக் கரையை ஒட்டி, கடல் பனிமூட்டம் எட்டுகிற தூரம் வரைதான் வளரும். பருமனில் பெரியது ராட்சத செக்கோயா. அது கிழக்கே சியரா நெவாடா மலைச்சரிவில் இருக்கிறது. செக்கோயா தேசியப் பூங்காவும் யோசெமிட்டியின் மரிபோசா தோப்பும் அந்த வகை. இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு முழு நாள் கார்ப் பயணம். மூன்று நாள் விடுமுறையில் இரண்டையும் சேர்த்துத் திட்டமிட வேண்டாம்.

மியூர் வுட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள ரெட்வுட் தோப்பு. அங்கே இரவு தங்க முடியாது. கார் நிறுத்தவே முன்பதிவு வேண்டும்.

அப்படியானால் தங்குவதற்கு எங்கே போவது?

இரண்டு பகுதிகள். தெற்கே ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்கா. 'அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ்' என்கிற 31 மைல் பழைய சாலை இதன் ஊடாகத்தான் போகிறது. வடக்கே, ஒரிக் என்ற சிற்றூரிலிருந்து கிரசென்ட் சிட்டி வரை, ரெட்வுட் தேசியப் பூங்காவும் மூன்று மாநிலப் பூங்காக்களும் பின்னிக் கிடக்கின்றன: பிரெய்ரி க்ரீக், டெல் நார்ட்டே கோஸ்ட், ஜெடடையா ஸ்மித். தேசியப் பூங்கா 1968இல் உருவானது, 1978இல் விரிவாக்கப்பட்டது. வெட்டுப்படாத பழங்காட்டில் இன்று மிஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 சதவீதம்தான் என்பதால் இந்த எல்லைக்கோடுகள் ஒவ்வொன்றும் போராடிப் பெற்றவை.

காரோடு போய்த் தங்கும் கேம்ப்கிரவுண்டுகள் வடக்கே நான்கு. ஜெடடையா ஸ்மித் (86 இடங்கள்) பழமரங்களுக்கு அடியிலேயே, ஸ்மித் ஆற்றங்கரையில் இருக்கிறது. கோடையில் ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம். எல்க் பிரெய்ரி (75 இடங்கள்) புல்வெளியை ஒட்டியது. நடைபாதைகள் பல கேம்பிலிருந்தே தொடங்குகின்றன. மில் க்ரீக் (145 இடங்கள்) கோடையில் மட்டும் திறக்கும். அங்கே இருப்பவை வெட்டிய பின் வளர்ந்த இளமரங்கள், ஆனால் இடம் கிடைக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம். கோல்ட் பிளஃப்ஸ் கடற்கரையில் மரநிழல் கிடையாது. மணலும் காற்றும்தான்.

முதல் தடவை போகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை ஜெடடையா ஸ்மித். கடற்கரை ஓரத்தைவிட அங்கே வெயில் கொஞ்சம் கூடுதல், மரங்களோ பக்கத்திலேயே.

எத்தனை நாள் வேண்டும்?

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து என்றால் குறைந்தது மூன்று இரவு. 101ஆம் நெடுஞ்சாலையில் கார்பர்வில் சுமார் 200 மைல், யுரீகா 270, கிரசென்ட் சிட்டி 350. கடைசி ஊருக்கு, நிறுத்தாமல் ஓட்டினாலும் ஆறரை ஏழு மணி நேரம். சாப்பாடு, பெட்ரோல், குழந்தைகள் என்று சேர்த்தால் ஒன்பது மணி நேரம் ஆகிவிடும். இரண்டு இரவுதான் விடுமுறை என்றால் வடக்கை விட்டுவிட்டு ஹம்போல்ட் ரெட்வுட்ஸில் நின்றுகொள்ளுங்கள். அங்குள்ள ராக்கஃபெல்லர் காடு ஒன்றே அந்த இரண்டு நாளுக்குப் போதும்.

கேம்பை மாற்றிக்கொண்டே போக வேண்டாம். டென்ட்டைப் பிரித்து, ஈரத்தோடு மூட்டைகட்டி, மறுபடி போட அரை நாள் போய்விடும்.

எந்தச் சாலை நல்லது?

101தான். கடலோரமாகப் போகும் 1ஆம் எண் சாலை அழகானது, ஆனால் அது கடலைவிட்டு விலகி லெகெட்டில் 101ஐச் சேரும் கடைசி இருபது மைலுக்கு மேல் வளைவோ வளைவு. பின் இருக்கையில் குழந்தை இருந்தால் வாந்தி நிச்சயம். கிளாமத்துக்கும் கிரசென்ட் சிட்டிக்கும் நடுவே 'லாஸ்ட் சான்ஸ் கிரேடு' என்ற இடத்தில் மலை தொடர்ந்து கடல் பக்கம் சரிந்துகொண்டே இருக்கிறது. அங்கே சாலைப் பணி ஓயாது. ஒரு வழியை நிறுத்தி மறு வழியை விடுவார்கள். அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

ஒரிகன் பக்கமிருந்து வந்தால் கிரான்ட்ஸ் பாஸில் இறங்கி 199ஐப் பிடிக்க வேண்டும். ஸ்மித் ஆற்றை ஒட்டிய குறுகலான பாதை. மழைக்காலத்தில் பாறை உருளும், இருட்டுவதற்கு முன் கடந்துவிடுங்கள்.

முன்பதிவு எப்படிச் செய்வது?

'ரிசர்வ் கலிஃபோர்னியா' என்ற மாநில அரசுத் தளத்தில். ஆறு மாதம் முன்னால், பசிபிக் நேரம் காலை 8 மணிக்குத் திறக்கும். ஜூலை 12 வேண்டுமென்றால் ஜனவரி 12 காலை. 7:45க்கே கணக்கில் நுழைந்து, வேண்டிய இடத்தின் எண்ணையும் மாற்றாக இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தால் சனிக்கிழமை போய்விடும். வெள்ளி, சனி கிடைக்காவிட்டால் ஞாயிறு முதல் புதன் வரை பாருங்கள்.

ஒரு இடத்துக்கு எட்டுப் பேர் வரை. இரண்டு குடும்பம் என்றால் பக்கத்துப் பக்கத்து எண்களாக இரண்டு இடம் எடுப்பது நல்லது, ஏனெனில் கூடுதல் காருக்குத் தனிக் கட்டணமும் இடநெருக்கடியும் உண்டு. பிற்பகல் 2 மணிக்கு மேல் நுழையலாம், கிளம்பும் நாளில் நண்பகலுக்குள் காலி செய்ய வேண்டும்.

எதுவும் கிடைக்கவில்லையா? பதிவை ரத்து செய்கிறவர்கள் பயணத்துக்கு முந்தைய வாரத்தில் நிறையப் பேர், தினமும் ஒரு முறை பாருங்கள். கிரசென்ட் சிட்டிக்குப் பக்கத்தில் ஃபிளாரன்ஸ் கெல்லர் என்ற கவுண்டி பூங்கா இருக்கிறது. ரெட்வுட் நிழலிலேயே தங்கலாம். சாலையோரத்திலோ நடைபாதை தொடங்கும் இடத்திலோ காரில் படுப்பதற்கு அனுமதி இல்லை.

கோடையில் போகிறோம். குளிருமா?

குளிரும். கலிஃபோர்னியா என்றதும் அரைக்கால் சட்டையோடு வந்து நடுங்குகிறவர்கள் அதிகம். கடலோரப் பகுதியில் ஜூலையில்கூடப் பகல் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ்தான், இரவு 8 முதல் 10. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, ஆழத்திலிருந்து மேலே வரும் குளிர்ந்த கடல்நீரின் மேல் குளிரும்போது பனிமூட்டம் எழுகிறது. உள்நாடு எவ்வளவு கொதிக்கிறதோ அவ்வளவு மூட்டம் கரைக்கு வரும். தெற்கே ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் கடலிலிருந்து தள்ளியிருப்பதால் அங்கே பகலில் 30 டிகிரியும் போகும்.

மூட்டம் குறைந்து வானம் தெளிவது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் தொடக்கம். நவம்பர் முதல் மார்ச் வரை அடைமழை.

மழையே பெய்யவில்லை, டென்ட் மட்டும் ஏன் நனைகிறது?

காரணம் இரண்டு. முதலாவது, மரம் தூவுகிற தண்ணீர். மூட்டம் ஊசியிலைகளில் படிந்து, துளியாகத் திரண்டு, சொட்டுச் சொட்டாக விழும். புல்வெளியில் நின்றால் ஒரு துளி விழாது. நாலு அடி தள்ளி மரத்தடியில் போனால் தூறல் மாதிரி இருக்கும். கோடை முழுக்க மழையில்லாமல் இந்த மரங்கள் நிற்பதே இதை நம்பித்தான். ஆகவே வானம் தெளிவாக இருந்தாலும் மேல் உறையை, அதாவது ரெயின்ஃப்ளையை, முதல் இரவிலிருந்தே போட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, உங்கள் மூச்சு. நான்கு பேர் மூடிய டென்ட்டில் தூங்கினால் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த துணியின் உட்புறம் படிந்து, காலையில் சுவர் வேர்த்திருக்கும். ஒழுகுகிறது என்று நினைத்து ஜன்னலை இன்னும் இறுக மூடுவார்கள், நிலைமை மோசமாகும். மேலே இருக்கும் காற்றுத் திறப்பையும் எதிரெதிர் ஜன்னல்களில் ஒரு சாண் அளவையும் திறந்தே வையுங்கள். ஈரத் துண்டு, நனைந்த ஷூ இவற்றை உள்ளே வைக்க வேண்டாம்.

டென்ட் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மேலே பாருங்கள். உடைந்து, பாதி தொங்கும் கிளை இருந்தால் அதற்கு நேர் கீழே போடாதீர்கள். ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும் கிளை கார்க் கூரையையே நசுக்கும். பிறகு தரை. பள்ளமான இடம் மெத்தென்று இருக்கும், ஆனால் தண்ணீர் அங்கேதான் தேங்கும்.

அடிவிரிப்பு டென்ட்டின் தரையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். சுற்றிலும் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துவிடுங்கள். விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலுறையில் வழியும் தண்ணீர் அதில் விழுந்து, டென்ட்டுக்கு அடியில் ஓடித் தேங்கும். நள்ளிரவில் முதுகு நனைவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த நீட்டிய தார்ப்பாய்தான்.

மரத்தடி மண் சருகும் மக்கும் சேர்ந்து பொதுபொதுவென்று இருக்கும். டென்ட்டோடு வரும் ஆறு அங்குலக் கம்பி முளைகள் பிடிக்காமல் கையோடு வந்துவிடும். ஒன்பது பத்து அங்குல முளைகள் எட்டு வாங்கி வையுங்கள். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது.

அடர்ந்த காட்டுக்குள் சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே இருட்டிவிடும். மாலை 5 மணிக்குள் வந்து சேருங்கள். ஆளுக்கொரு தலைவிளக்கு தேவை.

தூங்குவதற்கு என்ன கொண்டுபோவது?

ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் எண் ஃபாரன்ஹீட். '40' என்று போட்டிருந்தால் 4 டிகிரி செல்சியஸ் என்று பொருள். பல பைகளில் அந்த எண், நடுங்காமல் தாக்குப்பிடிக்கும் எல்லையைத்தான் சொல்கிறது. நிம்மதியாகத் தூங்க அதைவிடப் பத்து டிகிரி ஃபாரன்ஹீட்டாவது குறைந்த எண் வேண்டும். '30' அல்லது '20' வாங்குங்கள். இறகு அடைத்தது ஈரத்தில் உப்பாது, செயற்கை இழை அடைத்ததே இங்கே ஏற்றது.

குளிர் மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வரும். வீட்டில் விருந்தினருக்குப் போடும் காற்று மெத்தைக்குள் இருக்கும் காற்று, தரையின் குளிரை அப்படியே முதுகுக்குக் கொடுக்கும். வேறு வழி இல்லையென்றால் மெத்தையின் மேல் ஒரு கம்பளியோ தடித்த ஜமக்காளமோ விரித்துப் படுங்கள். தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உலர்ந்த உடையும் காலுறையும் தனிப் பையில் இருக்கட்டும். ஜீன்ஸ் ஒரு முறை நனைந்தால் ஊருக்குத் திரும்பும் வரை காயாது.

சமையலுக்கு எந்த அடுப்பு, எவ்வளவு கேஸ்?

இரண்டு பர்னர் உள்ள புரொப்பேன் அடுப்பு. பியூட்டேன் கேன் வைக்கும் ஒற்றை அடுப்பு குளிர்ந்த காலையில் மந்தமாக எரியும், டீக்கு வைத்த தண்ணீர் கொதிக்கவே நேரமாகும். ஒரு பவுண்டு புரொப்பேன் சிலிண்டர், இரண்டு பர்னரையும் முழுத் தீயில் வைத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும். நான்கு பேருக்கு இரண்டு இரவென்றால் இரண்டு சிலிண்டர், அவசரத்துக்கு ஒன்று. காலி சிலிண்டரைக் குப்பையில் போடக் கூடாது. திரும்ப நிரப்பக்கூடியதை வாங்குவது நல்லது. ஒருமுறை மட்டும் பயன்படும் சிலிண்டர் விற்பனைக்குக் கலிஃபோர்னியாவில் 2028 முதல் தடை.

குக்கர் கொண்டுபோகலாம். மூன்று லிட்டர் போதும். ஐந்து லிட்டர் குக்கரின் அகலம் பக்கத்துப் பர்னரை மறைக்கும். அரிசியை இருபது நிமிடம் ஊறவைத்தால் கேஸ் மிச்சம். டென்ட்டுக்குள் அடுப்போ கரியோ வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிர் போகும்.

நம் மளிகைச் சாமான்களைப் பே ஏரியாவிலேயே (சான் பிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரம்) வாங்கிவிடுங்கள். காய், பால், ஐஸ் எல்லாம் யுரீகா, ஆர்கேட்டா, கிரசென்ட் சிட்டியில் கிடைக்கும்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகலாமா?

கூடாது. 'திடீர் ஓக் மரணம்' என்ற மரநோயின் கிருமி விறகோடு பயணம் செய்து புதிய காடுகளுக்குப் பரவும். கேம்பிலோ பக்கத்து ஊரிலோ வாங்குங்கள். கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதற்கும் அனுமதி இல்லை, அது மக்கித்தான் இந்த மண் உண்டாகிறது. ஒரு கட்டு விறகு இரண்டு மணி நேரம் எரியும். ஈரக்காற்றில் பெரிய கட்டை பற்றாது, சிறாய்களைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இரும்பு வளையத்துக்குள் மட்டுமே தீ. அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. வறண்ட மாதங்களில் தீக்குத் தடை வரலாம், நுழைவாயில் பலகையைப் படியுங்கள்.

ஒரு பருக்கைகூடச் சிந்தக் கூடாது என்கிறார்களே, கரடிக்காகவா?

கரடிக்காகவும்தான். கருங்கரடிகள் இங்கே உண்டு. உணவு, ஐஸ் பெட்டி, பற்பசை, சோப்பு, காலிப் பாத்திரம் எல்லாம் ஒவ்வொரு இடத்திலும் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். வாசனை உள்ள எதையும் டென்ட்டில் வைக்காதீர்கள்.

ஆனால் பருக்கை விஷயம் முக்கியமாக ஒரு பறவைக்காக. மார்பில்டு மர்ரலெட் என்ற சிறிய கடற்பறவை மீனுக்குக் கடலுக்குப் போய்விட்டு, முட்டையிட மட்டும் பழங்காட்டுக்கு வருகிறது. கூடு கட்டாது. மிக உயரத்தில், பாசி படர்ந்த அகலக் கிளையில் ஒரே ஒரு முட்டை இடும். அது அங்கேதான் இடுகிறது என்பதே 1974இல், பிக் பேசின் பூங்காவில் மரமேறிய ஒருவர் குஞ்சைக் கண்டபோதுதான் தெரியவந்தது. அந்த முட்டையையும் குஞ்சையும் தின்பவை ஸ்டெல்லர் ஜே என்ற, கொண்டை உள்ள நீலப் பறவையும் அண்டங்காக்கையும். கேம்ப் மேசைக்குக் கீழே சிந்தும் தீனியால் இவை பெருகுகின்றன. நம் மிக்சரும் ஓமப்பொடியும் முறுக்கும் உதிர்வதற்கென்றே செய்தவை போல. தட்டில் போட்டுச் சாப்பிடுங்கள், எழுந்ததும் மேசையையும் தரையையும் பாருங்கள். குழந்தைகளிடம் காரணத்தைச் சொன்னால் பெரியவர்களைவிட அவர்கள்தான் கண்ணும் கருத்துமாகப் பொறுக்குவார்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைப் புதரில் கொட்டாதீர்கள். டீ வடிகட்டியில் வடித்து, பருக்கையைக் குப்பையிலும் தண்ணீரை அதற்கென்று உள்ள தொட்டியிலும் சேருங்கள்.

எந்த எந்த இடத்துக்குத் தனி அனுமதி வேண்டும்?

ஃபெர்ன் கேன்யனுக்கு மே 15 முதல் செப்டம்பர் 15 வரை முன்பதிவு கட்டாயம். ஐம்பது அடி உயரச் சுவர் முழுக்கப் பெரணி தொங்கும் பள்ளத்தாக்கு அது. ஓடைத் தண்ணீரில் நடக்க வேண்டியிருக்கும், நனைந்தால் பரவாயில்லாத ஷூ போடுங்கள். டால் ட்ரீஸ் தோப்புக்கு இலவச அனுமதி. பூட்டிய வாயிற்கதவின் எண் அதில் வரும். இறங்கும்போது சுகமாக இருக்கும், திரும்பி வர சுமார் 800 அடி ஏற வேண்டும்.

அனுமதி கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். ஸ்டவுட் தோப்பு, லேடி பேர்ட் ஜான்சன் தோப்பு, தரையிலிருந்து உயர்த்திய நடைபாதை போட்ட க்ரோவ் ஆஃப் டைட்டன்ஸ் மூன்றுக்கும் முன்பதிவு கிடையாது. காலை 9 மணிக்கு முன்னால் போனால் நிறுத்த இடம் கிடைக்கும்.

உலகின் உயரமான மரத்தைப் பார்க்க முடியுமா?

ஹைப்பீரியன் என்ற அந்த மரம் 2006இல் கண்டறியப்பட்டது, சுமார் 116 மீட்டர். அதைச் சுற்றியுள்ள பகுதி மூடப்பட்டுவிட்டது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அங்கே பாதை கிடையாது. தேடிப் போனவர்களின் காலடியில் மண் இறுகி, பெரணிகள் அழிந்தன. ரெட்வுட்டுக்கு ஆணிவேர் இல்லை. சில மீட்டர் ஆழத்திலேயே பக்கவாட்டில் பரவும் வேர்தான் முழு மரத்தையும் தாங்குகிறது. அடியில் நின்று பார்த்தால் உச்சியும் தெரியாது. ஸ்டவுட் தோப்பில் நிமிர்ந்து பார்ப்பதே பெரிய காட்சி.

சாதாரண கார் போதுமா?

போதும். ஸ்டவுட் தோப்புக்குப் போகும் ஹௌலண்ட் ஹில் சாலை, கடற்கரைக்குப் போகும் டேவிசன் சாலை இரண்டும் மண்சாலைகள். வறண்ட நாளில் மணிக்கு 10, 15 மைல் வேகத்தில் செடான் போகும். ஃபெர்ன் கேன்யனுக்குச் சற்று முன் ஓடை சாலையைக் கடக்கிறது. மழைக்குப் பின் தாழ்ந்த காரை அதில் இறக்காதீர்கள். வாடகைக் கார் ஒப்பந்தங்களில் மண்சாலைக்குத் தடை இருப்பது சகஜம், படித்துப் பாருங்கள். படுக்கை, சமையலறையோடு வரும் பெரிய ஆர்.வி. வண்டிக்கு இரண்டு சாலையும் ஆகாது. கேம்பில் மின் இணைப்பும் கிடையாது.

பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கினால் அடுத்த ஊரில் நிரப்பிவிடுங்கள். மின்சாரக் காருக்கும் அதே விதி, சார்ஜர்கள் ஊர்களில்தான் உண்டு. காட்டுக்குள் ஃபோன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது. வரைபடத்தையும் முன்பதிவுத் தாளையும் வீட்டிலேயே இறக்கி வையுங்கள்.

ஆபத்து என்று எதைச் சொல்வீர்கள்?

கரடியைவிட எல்க் மான். புல்வெளியில் சாதுவாக மேயும், படமெடுக்க நெருங்கினால் பாயும். 75 அடி தள்ளி நில்லுங்கள். மே, ஜூனில் குட்டியோடு இருக்கும் தாயும் இலையுதிர்காலத்தில் ஆணும் பொல்லாதவை. மூன்று மூன்று இலையாக இருக்கும் செடியைத் தொடாதீர்கள், பாய்சன் ஓக் பட்டால் வாரக்கணக்கில் அரிக்கும். நடந்து வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காது மடலில் உண்ணி இருக்கிறதா பாருங்கள்.

கடலில் கால் நனைக்கும்போது முதுகைக் காட்டாதீர்கள், எதிர்பாராத பெரிய அலை ஆளை இழுத்துப்போகும். கரையில் இருக்கும்போது நிலம் பலமாக அதிர்ந்தால் சைரனுக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏறுங்கள். 1964 சுனாமியில் கிரசென்ட் சிட்டியில் 11 பேர் இறந்தார்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப்போகலாமா?

தாராளமாக. முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தரையில் படுத்து எழுவதுதான் கஷ்டம், உயரமான மடிப்புக் கட்டில் வாங்கிக் கொடுங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கழிப்பறை எவ்வளவு தூரம் என்று பதிவின்போதே வரைபடத்தில் பாருங்கள். ஸ்டவுட் தோப்பு பெரும்பாலும் சமதளம். யுரீகாவின் செக்கோயா பார்க் விலங்குக் காட்சிசாலையில் தரையிலிருந்து நூறு அடி உயரத்தில் மரங்களுக்கிடையே நடைபாலம் போட்டிருக்கிறார்கள். இரவுக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று தோன்றினால் அவர்களுக்குக் கிரசென்ட் சிட்டியில் அறை எடுத்துவிட்டு, பகலில் கேம்புக்குக் கூட்டிவாருங்கள். ஜெடடையா ஸ்மித்திலிருந்து அது பத்து மைல்தான்.

நாய்?

கேம்பிலும் சில கடற்கரைகளிலும் ஆறு அடிக் கயிற்றோடு வரலாம். காட்டு நடைபாதைகளில் அனுமதி இல்லை. வெளியே போகும்போது டென்ட்டில் தனியே கட்டிவிட்டுப் போகவும் முடியாது என்பதால் யாராவது ஒருவர் கேம்பிலேயே இருக்க வேண்டிவரும்.

கிளம்பும் நாளில் டென்ட் காயவே இல்லை. என்ன செய்வது?

காயாது, காத்திருக்கவும் வேண்டாம். மேலுறையை உதறி, துண்டால் துடைத்து, உள் டென்ட்டோடு சேர்க்காமல் தனிக் குப்பைப் பையில் திணியுங்கள். வழியில் யுக்காயா பக்கம் மதிய வெயில் நன்றாக இருக்கும். சாப்பிட நிறுத்தும் இடத்தில் கார் மேல் அரை மணி நேரம் விரித்தால் பாதி காய்ந்துவிடும். வீட்டுக்கு வந்த இரவே பால்கனியிலோ குளியலறைக் கம்பியிலோ தொங்கவிடுங்கள். இரண்டு நாள் பைக்குள் கிடந்தால் பூஞ்சை பிடித்து, தையலோரம் கறுத்து, நீர்த்தடுப்புப் பூச்சு உரிய ஆரம்பிக்கும்.